எத்தனையாவது கிணறு

கண்ணை மூடச் சொன்னார்கள்.
மூடினேன்.
காலின் பெருவிரலைப் பிடித்து
மேலா, கீழா என்று கேட்டார் டொக்டர்.
மேல், என்றேன். கீழ், என்றேன். மேல்.
காசு சுண்டி விடை எழுதும் பிள்ளை மாதிரி
பாதி சரி வந்தது.
அந்தப் பாதிக்கு அவர் புள்ளி போடவில்லை.

நோயின் பெயர் நீளம்.
கிளினிக் கொப்பியில் கோட்டைத் தாண்டிப் போனதால்
நேர்ஸ் நாலு எழுத்தாகச் சுருக்கினா.
வயரின் உறையை எலி தின்ற மாதிரி, என்று
விளங்கப்படுத்தினார் யசோதரன்.
அவருக்கு மின்சார சபையில் வேலை.
எதையும் வயராலேயே விளங்கப்படுத்துவார்.

முதலில் போனது செருப்பு.
பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பின்னேரம்
"அன்ரி, செருப்பு!" என்று பெடியன் ஒருவன் கத்தத்
திரும்பிப் பார்த்தேன்.
இருபது அடி பின்னால் கிடந்தது
என் இடது செருப்பு.
அதை ஒரு மான் முகர்ந்துகொண்டு நின்றது.
இந்த ஊர் மானுக்குப் பொலித்தீன் பையே சாப்பாடு,
தோல் செருப்பென்றால் விருந்து.
நானும் சிரித்தேன்.
சித்திரை வெயில், தார் றோட்டு.
வீட்டுக்கு வந்துதான் கொப்புளத்தைக் கண்டேன்.

பிறகு கையெழுத்து.
காணிப் பதிவகத்தில் பதினாறு வருடம்
ஒரே மாதிரி வளைந்த என் பெயர்
வங்கி யன்னலால் திரும்பி வந்தது: பொருந்தவில்லை.
அடையாள அட்டையைக் காட்டினேன்.
அதைப் பார்த்து, என்னைப் பார்த்து,
மறுபடி அதைப் பார்த்தாள் அந்தப் பிள்ளை.
ஸ்டீரொயிட்டில் ஊதிய முகம்.
அதுவும் பொருந்தவில்லை.

கரண்ட் நின்ற இரவொன்றில்
குளியலறை வாசலில் விழுந்தேன்.
அன்றைக்குத்தான் விளங்கியது,
இவ்வளவு நாளும் நான் நின்றது
காலால் இல்லை, கண்ணால்.
இருட்டினால் எனக்குத் தரை இல்லை.
அதற்குப் பிறகு தலையணைக்குக் கீழே ரோர்ச்.
எழும்பி நிற்க ஒரு ரோர்ச்.

மாதத்துக்கு ஒருக்கா கொழும்பு.
இரவு ரெயில் சீனக்குடா தாண்ட முதலே
யசோதரனுக்கு நித்திரை.
இரண்டு நாள் கையில் ஊசி,
துளித் துளியாய் இறங்கும்
யாரோ ஆயிரம் பேர் தந்த இரத்தத்தின் தெளிவு.
அவர்களில் ஒருவராவது
பஸ்ஸைத் துரத்தி ஓடி ஏறுகிறவராய் இருப்பார்,
அவரின் பங்கு காலுக்குப் போகட்டும் என்று
போத்தலைப் பார்த்துக் கேட்பேன்.

ஆரபிக்கு இது விளையாட்டு.
பேனை மூடியால் என் உள்ளங்காலில் எழுதுவாள்.
என்ன எழுத்தம்மா?
ப, என்பேன். ட, என்பாள்.
ஐப்பசி முழுக்க எல்லாமே ப.
மார்கழியில் ஒரு நாள் கால் கூசியது.
எழுத்துத் தெரியவில்லை, கூச்சம் தெரிந்தது.
மூடியை எறிந்துவிட்டுக்
குசினிக்கு ஓடினாள், அப்பாவிடம் சொல்ல.

தையில் பின்னுக்குப் போனேன்.
ஊன்றுகோல் திரும்ப வந்தது.
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பங்குனியில் கன்னியா போனோம்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
டிக்கெட் எடுத்து, முறை வரும்வரை
மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
எங்களுக்குப் பின்னால்
முப்பத்தொராம் நாள் காரியத்துக்கு வந்த குடும்பம்,
மொட்டைத் தலையோடு ஒருவர்.
அவர்கள் போனவருக்காக வந்தவர்கள்.
நான் இரண்டு காலுக்காக.

ஆரபி வாளியில் மொண்டு ஊற்றினாள்.
முதலாம் கிணறு, ஒன்றுமில்லை.
மூன்றாவதில் கால் நனைந்தது
கண்ணுக்குத் தெரிந்தது.
ஐந்தாவதில், இடது காலுக்குள்ளே,
எங்கோ கணுக்காலுக்கு அருகில்,
பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல்.
சுடுது, என்றேன். ஆரபி, சுடுது!
அவள் விரலைத் தோய்த்துப் பார்த்தாள்.
"அம்மா, இருக்கிறதிலயே
இதுதான் ஆறின கிணறு."

வலது காலையும் நீட்டினேன்.
அது பேசவில்லை.
இன்னொருக்கா ஊற்று, என்றேன். இன்னொருக்கா.

மொட்டைத் தலைக்காரர் தொண்டையைச் செருமினார்.
"தங்கச்சி, முடிஞ்சால்
வாளியை ஒருக்காத் தாங்கோ."